பையில் வந்த பருத்தி இலை

பருத்திச் செடிக்கு என்ன குறை என்று கண்டுபிடிக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த இலை செடியில் எங்கே இருந்தது, கீழேயா மேலேயா? கீழ் இலையில் நிறம் மாறினால் தழைச்சத்தோ சாம்பல் சத்தோ மெக்னீசியமோ குறைவு. கையிருப்பைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டுக் கீழ் இலை வாடிப்போகும். கொழுந்திலேயே நிறம் மாறினால் இரும்போ துத்தநாகமோ பார்க்க வேண்டும். இதைக் கல்லூரியில் இரண்டாம் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பரீட்சையில் படம் போட்டு எழுதி நல்ல மார்க் வாங்கினேன். வேலையில் சேர்ந்த பிறகு, கேட்டே ஆக வேண்டிய ஒரு நாளில், கேட்காமல் விட்டேன். அதனால் ஒரு அம்மாவின் மூன்று மா நிலம், சுமார் ஒரு ஏக்கர், கைவிட்டுப் போக இருந்தது.

மன்னார்குடிக்குக் கிழக்கே எனக்கு முதல் போஸ்டிங். வேளாண்மைத் துறையில் கடைசிப் படிக்கு ஒரு படி மேலே இருந்த அலுவலர். சென்னையில் கட்சி மாறும்போது எங்கள் ஆபீஸ் சுவரில் படம் மாறும், ஆணி மாறாது. உழுதவனுக்கே நிலம் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஊர் முழுக்கச் சுவரில் எழுதியிருந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் தஞ்சாவூரில் மாடிவீடு கட்டிக் குடியிருந்தார்கள். அந்தச் சுவர்களை அவர்கள் பார்க்க நேர்ந்ததில்லை.

நிலத்துக்காக அடிதடி நடந்து ஓய்ந்திருந்த காலம் அது. ஓய்ந்தது என்றால், அரிவாளை விட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய், கூலிக்காரர்களாக இருந்த பலர் குத்தகைப் பதிவேட்டில் தங்கள் பேரை ஏற்றியிருந்தார்கள். பேர் ஏறிவிட்டால் மிராசுதார் லேசில் கிளப்ப முடியாது. ஆனால் சட்டம் எழுதியவர்கள் ஒரு ஓட்டையும் விட்டு வைத்திருந்தார்கள். குத்தகைக்காரரின் அலட்சியத்தால் பயிருக்குக் கேடு வந்தால் அவரை வெளியேற்றக் கேட்கலாம். தஞ்சாவூர் மாடிவீடுகளில் அந்த ஒரு வரியை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் நான் பருத்தியோடு வந்து சேர்ந்தேன். தை அறுவடை முடிந்து ஆற்றில் தண்ணீர் நின்றபின் வயல் சும்மாதானே கிடக்கிறது, அந்த ஈரத்தில் பருத்தி ஊன்றுங்கள் என்று துறை சொன்னது. நான் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். நெல்லைத் தவிர வேறெதையும் பயிர் என்று ஒத்துக்கொள்ளாத ஊர்கள் அவை. இருந்தும் விதை இலவசம் என்றதால் வாங்கிக்கொண்டார்கள். பருத்தி வாடினால் குளத்திலிருந்து தண்ணீர் கட்டினார்கள். மஞ்சளித்தால் தண்ணீர் கட்டினார்கள். நன்றாக இருந்தால் கண் பட்டுவிடுமோ என்று அதற்கும் ஒரு தண்ணீர் கட்டினார்கள். பருத்திக்குக் காலில் ஈரம் நின்றால் ஆகாது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் நெல்லுக்காரன்தான். எங்கள் பக்கத்தில் நெல்லுக்கு நோய் வந்தால் ஒரு குத்துச் செடியை அப்படியே வேரும் சேறுமாகப் பிடுங்கி, வாழை மட்டையில் சுற்றி, ஆபீஸ் மேஜையில் கொண்டுவந்து வைப்பார்கள். மேஜை நாறிப்போகும். ஆனால் வேர், தூர், தோகை எல்லாம் எதிரிலேயே இருக்கும். எந்த இலை எங்கே இருந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சொகுசில் நான் கெட்டுப்போயிருந்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மத்தியானம் ஒரு மிராசுதாரின் காரியக்காரர் ஆபீசுக்கு வந்தார். தஞ்சாவூர்க்காரருக்காக இங்கே வரவு செலவு, வம்பு வழக்கு எல்லாம் பார்ப்பவர். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. மஞ்சள் பையைத் திறந்து பத்துப் பதினைந்து பருத்தி இலைகளை என் மேஜையில் கொட்டினார். சேறு இல்லை, நாற்றம் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

“நம்ம வயல் சார். குத்தகைக்கு விட்டிருக்கோம். எப்படி இருக்குன்னு பாருங்க. ஐயா மனசு ஒடிஞ்சு போயிட்டாங்க” என்றார்.

இலைகள் சிவந்திருந்தன. ஓரமெல்லாம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. ஓரம் சுருண்டு சிவந்தால் தத்துப்பூச்சி. இலையின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும் சின்னப் பச்சைப் பூச்சி அது, தொட்டால் பக்கவாட்டில் ஓடும். புரட்டிப் பார்த்தேன், ஒரு பூச்சியும் இல்லை. பையில் வரும்போது தத்திப் போயிருக்கும் என்று நானே அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பறித்த இலை சித்திரை மாதத்தில் பைக்குள் அரைநாள் கிடந்தால் தானாகவே சுருளும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

“பூச்சிதான். நேரத்துல மருந்து அடிச்சிருந்தா வந்திருக்காது” என்றேன்.

“அதையே ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, ஐயாகிட்ட காட்டிடுவேன்.”

எழுதித் தருவதில் எனக்கு ஒரு மோகம் உண்டு. அப்போதுதான் என் பதவியின் பேரில் ரப்பர் ஸ்டாம்ப் வந்திருந்தது. தத்துப்பூச்சித் தாக்குதல் என்றும், உரிய காலத்தில் மருந்து தெளிக்கப்படாததே காரணம் என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பை மையில் நன்றாக ஒற்றிக் குத்தினேன். காரியக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நம்மை மதிக்கிற மனுஷன் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு முழுப் பருத்திச் செடி, இடுப்பு உயரத்துக்கு, வேரோடும் மண்ணோடும். பஸ்ஸில் ஏற்றி வந்திருக்கிறார். கண்டக்டர் செடிக்கு லக்கேஜ் போட்டுவிட்டார் என்று பிறகு சொன்னார். செடியை என் மேஜை மேல் சாய்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். விசாரணைக்கு வரச்சொல்லி வந்த நோட்டீஸ். அவர் அலட்சியத்தால் பயிர் அழிகிறது, எனவே மூன்று மா நிலத்திலிருந்து அவரை வெளியேற்ற வேண்டும் என்று மிராசுதார் மனு போட்டிருந்தார். சாட்சியமாகப் பின்னால் இணைத்திருந்த கடிதத்தில் என் ஸ்டாம்ப் பளிச்சென்று இருந்தது.

“இது உங்க கையெழுத்துன்னு சொன்னாங்க சார். நீங்க எங்க வயலுக்கு எப்ப வந்தீங்க?”

நான் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடினேன். தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“மருந்து அடிச்சீங்களா?” என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

“ரெண்டு தரம் அடிச்சேன். நீங்க குடுத்த மருந்துதான். உங்க நோட்டுல கைநாட்டு வெச்சுதானே வாங்கிட்டுப் போனேன்.”

பிறகுதான் செடியைப் பார்த்தேன். அந்த ஊர் வழக்கப்படி முழுசாக வந்திருந்ததால் அது எல்லாவற்றையும் சொல்லியது. கொழுந்து நல்ல பச்சை. அடியில் இருந்த இலைகள் மட்டும் செம்பருத்தி நிறத்துக்குச் சிவந்திருந்தன. சிவப்புக்கு நடுவே நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக ஓடின. ஓரம் சுருளவில்லை. இலைக்கு அடியில் பூச்சி இருந்த அடையாளம் எதுவும் இல்லை. மெக்னீசியக் குறைவு. கல்லூரிப் புத்தகத்தில் வண்ணப்படமாகப் போட்டிருந்தார்களே, அச்சு அசலாக அதே. காய் பிடிக்கும் நேரத்தில் செடிக்குப் பசி அதிகம், மணலோடிய வயலில் அந்தச் சத்து போதாது. இதில் அவர் அலட்சியம் ஒரு துளி இல்லை. அலட்சியம் முழுக்க மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தது.

“இது பூச்சி இல்லைங்கம்மா. மண்ணுல ஒரு சத்து குறைச்சல். உப்பு ஒண்ணு இருக்கு, யூரியாவோட கரைச்சுத் தெளிச்சா நின்னுடும்” என்றேன்.

“அப்ப இந்தக் காகிதம்?”

“வேற ஒண்ணு எழுதித் தர்றேன்.”

“முதல்ல எழுதினதே போதும் சார்” என்றார். கோபம் எதுவும் காட்டவில்லை, கணக்குப் போடுகிறவர் முகம்தான் இருந்தது. “விசாரணைக்கு வயலுக்கே வந்து பார்க்கப் போறாங்களாம். தெளிச்சுச் சரி பண்ணிட்டா, அப்ப மண்ணுல குறைன்னு எதைக் காட்டுறது? பயிரு நல்லாத்தானே இருக்கு, அவதான் சோம்பேறித்தனமா விட்டுட்டு இப்ப மருந்தடிச்சிருக்கான்னு சொல்லிடுவாங்க. தெளிக்காம விட்டா, பாரு அழிய விட்டுட்டான்னு சொல்லுவாங்க.”

நான் படித்த புத்தகத்தில் இந்த நோய்க்கு மருந்து இல்லை. முதலில் தெளியுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஆபீசில் எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து.

அவர் போன பிறகு அவர் ஊர்ப் பக்கத்துக்காரர்களிடம் விசாரித்தேன். புருஷன் காலத்தில் போராடிப் பதிந்த குத்தகை. அவர் இறந்து நாலு வருடம். குத்தகை பதிவாகும் முன் அந்த அம்மா அதே வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர். அந்த மூன்று மா போனால் மறுபடியும் அதே வரப்பில் கூலிக்கு நிற்க வேண்டும்.

மறுநாள் மெக்னீசியம் சல்பேட் தேடி மன்னார்குடி கடைத்தெரு முழுக்கச் சுற்றினேன். உரக்கடைகளில் அந்தப் பேரே தெரியவில்லை. கடைசியில் ஒரு நாட்டுமருந்துக் கடை பாய் கேட்டார், “பேதி உப்பைச் சொல்றீங்களா சார்? இவ்வளவா? ஊருல கல்யாணச் சாப்பாடு ஏதும் ஒத்துக்கலையா?”

“பருத்திக்கு, பாய்.”

“பருத்திக்குமா வயிறு கட்டிக்குது” என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளில் தஞ்சாவூரிலிருந்து மூட்டையாக வரவழைத்துக் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் பேதி உப்பு மூட்டையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போன முதல் அரசு அலுவலர் நான்தான்.

வயலுக்கு முதல் முறையாக அப்போதுதான் போனேன். வரப்பில் நின்று பார்த்தால் அடிப்பாகமெல்லாம் சிவப்பு, மேலே பச்சை. அந்த அம்மா கைத்தெளிப்பானோடு தயாராக இருந்தார். ஒரு முடிவோடும் இருந்தார்.

“கடைசி நாலு வரிசைய விட்டுடறேன் சார். அதுக்குத் தெளிக்கப் போறதில்லை.”

“எதுக்கு?”

“மிச்சம் பச்சையாயிடும். இது சிவந்துக்கிட்டே போவும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தா கண்ணு உள்ளவங்களுக்குத் தெரியாதா? பூச்சியா இருந்தா உப்புக்கு நிக்குமா?”

அறிவியலில் இதைச் சோதனைத் திடல் என்பார்கள். ஒரு பகுதிக்குக் கொடுத்து, ஒரு பகுதிக்குக் கொடுக்காமல் வைத்து ஒப்பிடுவது. நான் இதற்கென்று ஒரு பாடமே படித்திருந்தேன். ஆனால் அந்த யோசனை எனக்கு வராமல் அவருக்கு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. “வேண்டாம்மா, அநாவசியமா காய் போயிடும். அரைகுறையா பண்ணினா வேற வம்பு வரும்” என்றேன். அவர் சரி சார் என்றார். தெளித்தார். நாலு வரிசையை விட்டுவிட்டார்.

பத்து நாள் இடைவெளியில் இரண்டு தரம் தெளித்தார். சிவந்த இலைகள் உதிர்ந்தன. அவை திரும்பப் பச்சையாகாது. ஆனால் சிவப்பு மேலே ஏறுவது நின்றது. காய்கள் தங்கின. விட்ட நாலு வரிசையில் மட்டும் சிவப்பு பாதிச் செடி வரை ஏறி, அதற்கும் மேலே போய், இலை கொட்டிச் செடிகள் குச்சியாக நின்றன. ரோட்டில் போகிற பஸ்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

விசாரணை அன்று ஜீப் வந்து வாய்க்கால் கரையில் நின்றது. விசாரணை அதிகாரி, மிராசுதாரின் வக்கீல், காரியக்காரர், நான். அந்த அம்மா தனியாகத் தன் வயல் மூலையில் நின்றார். அவர் தெருக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், யாரும் சத்தம் போடவில்லை. மிராசுதார் வரவில்லை. அவருக்கு வெயில் ஆகாதாம்.

அதிகாரி இரண்டு பக்கத்தையும் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். வக்கீல் அவசரமே படாமல் அந்த அம்மாவிடம் கேட்டார்.

“இந்தப் பக்கம் நல்லா இருக்கு. இந்த நாலு வரிசைக்கு மட்டும் ஏன் தெளிக்கலை?”

“விட்டேங்க.”

“தெளிச்சா பிழைக்கும்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சே விட்டீங்க.”

“தெரிஞ்சேதான் விட்டேன்.”

வக்கீல் அதிகாரி பக்கம் திரும்பினார். “இதை அப்படியே பதிவு பண்ணணும் சார். கையில மருந்து இருந்தும், வேணும்னே பயிரை அழிய விட்டிருக்காங்க. அவங்க வாயாலயே சொல்றாங்க.”

அதிகாரியின் பேனா பேப்பரில் இறங்கியது. தன்னைக் காப்பாற்ற அவர் விட்ட நாலு வரிசையே அவர் கழுத்துக்குக் கயிறாகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன். கேட்டால் கொடுக்காத குணம் எனக்கு உண்டு. என்னிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

“நான்தான் சார் விடச் சொன்னேன்” என்றேன். “இது எங்க துறை செயல்விளக்கத் திடல். தெளிச்சதுக்கும் தெளிக்காததுக்கும் வித்தியாசம் காட்ட வெச்சது. அந்த நாலு வரிசை நஷ்டத்துக்கு நான்தான் பொறுப்பு.”

பச்சைப் பொய். வக்கீல் கோப்பிலிருந்து என் பழைய கடிதத்தை எடுத்தார். “அப்ப இதுல பூச்சின்னு எழுதியிருக்கீங்களே? இதுவும் உங்க ஸ்டாம்ப்புதானே?”

“ஆமா. அது தப்பு.”

“வயலைப் பார்த்துட்டு எழுதினதா?”

“இல்லை. பையில வந்த இலையைப் பார்த்து எழுதினது.”

தள்ளி நின்ற கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காரியக்காரர் வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார். ஆற்றில் தண்ணீர் நின்று நாலு மாதம் ஆகியிருந்தது. அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

மனு தள்ளுபடி ஆனது. குத்தகை அந்த அம்மா பேரிலேயே நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நிம்மதியாக இருந்தபோது, ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் கையெழுத்து ஒரே மேலதிகாரியுடையது. ஒன்று, வயலைப் பார்வையிடாமல் சான்று வழங்கியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. மற்றொன்று, விவசாயிகளிடையே புதுமையான செயல்விளக்கத் திடல் அமைத்ததற்குப் பாராட்டு. இரண்டையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

மெமோவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அது எங்கோ கோப்புக்குள் போய்த் தூங்கியது. பாராட்டு தூங்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கோட்டு போடாத குறைதான். மெக்னீசியக் குறைவைக் கண்டறிவது எப்படி, கடைசி நாலு வரிசையை விட்டுவைப்பது எப்படி என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். கை தட்டினார்கள். அந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்று ஒருவர் எழுந்து கேட்டார். அனுபவம் என்றேன். அங்கே பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அங்கே யார் நிலமும் போக இருக்கவில்லை. அன்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்தக் கூட்டம் பற்றித் துறை அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று வந்தது. அதில் என் பேரும் பதவியும் கொட்டை எழுத்தில் இருந்தன. நாலு வரிசைக்குப் பக்கத்தில் அந்த அம்மாவை நிற்கவைத்துத் துறைக்காரர்கள் எடுத்த படமும் இருந்தது. படத்துக்குக் கீழே ‘பயன்பெற்ற விவசாயி’ என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பருத்தி வெடித்து, அவர் மடியைக் கட்டிக்கொண்டு பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார். பிரசுரத்தை நீட்டினேன். படத்தைப் பார்த்தார். எழுத்தைக் காட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன், என் பேர் வரும் இடத்தையும் சேர்த்து.

“அது உங்க யோசனைன்னு நான் சொல்லியிருக்கணும்மா. கூட்டத்துலயாவது சொல்லியிருக்கணும்” என்றேன்.

“கூட்டத்துல சொல்லியிருக்கலாம்” என்றார். பிறகு பிரசுரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “வயல்ல சொல்லியிருந்தா என் நிலம் போயிருக்கும். என் வாயால உண்மையச் சொன்னப்ப அந்த வக்கீலு எழுதச் சொன்னாரு. நீங்க பொய் சொன்னப்பதான் அந்த ஆபீசரு அதை அடிச்சாரு. நாலு வரிசையும் உங்க பேருலயே இருக்கட்டும் சார். மூணு மா என் பேருல இருக்கு, அது போதும்.”

பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. அவர் மடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்குப் போனார்.